வெள்ளைத் தட்டும் பச்சைத் தண்ணீரும்

சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எங்கள் பங்கின் இளைஞர் பத்துப் பன்னிருவர் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் வந்து நின்றனர். ஒருவர் கையில் நன்கொடைப் பட்டியல் இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நீரின் ஒரு பகுதி கரும்பச்சை நிறம் கொண்டு நாற்றமெடுத்திருந்த காலம் அது. மயில்துத்தமும் பிளீச்சிங் பவுடரும் மூட்டை மூட்டையாக வாங்கி, படகில் எடுத்துச் சென்று அந்நீரில் தூவ வேண்டும் என்பது அவர்கள் திட்டம். "மூன்றே நாளில் பாசி செத்துவிடும், ஃபாதர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மீதிப் பணமும் சேர்ந்துவிடும்" என்றனர்.

இளைஞர்கள் ஊர் நலனுக்காகத் தாமாகவே முன்வருவதைக் கண்டு மகிழாத பங்குக் குரு உண்டோ? நான் இசைவு கூறவிருந்த வேளையில், தாழ்வாரத்தின் மூலையில் அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவர் எழுந்தார். ஆற்றுவாயில் வலை வீசியே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்.

"சாமி, மருந்து போட்டால் பாசி சாகும், சரி. செத்த பாசி எங்கே போகும்? அங்கேதானே அழுகும்? கூடவே இறாலும் சாகும். இவ்வளவு பாசிக்குச் சோறு போடுகிறவன் யார் என்று முதலில் பார்க்க வேண்டாமா?"

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. "ஒரு மாதம் பொறுங்கள்" என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் படித்தவற்றையும் கண்டவற்றையும் இங்கே குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஒரு குருவானவரின் தட்டு

நீரின் தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு கயிறும் போதும். இந்த எளிய முறையை உலகுக்கு வழங்கியவர் இயேசு சபைக் குருவாகிய ஆஞ்செலோ செக்கி என்பவர். உரோமைக் கல்லூரியின் வானியல் ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்த இவர், விண்மீன்களை அவற்றின் ஒளியைப் பகுத்து வகைப்படுத்தியவர். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், திருத்தந்தையின் கப்பற்படையைச் சேர்ந்த கப்பலொன்றில் மத்தியதரைக் கடலுக்குச் சென்றார். படைத்தலைவர் சியால்தி என்பவரின் அழைப்பின் பேரில் அமைந்த பயணம் அது. வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தை அங்கே அவர் குறித்து வைத்தார். வானத்தை ஆராய்ந்த அக்குருவின் பெயராலேயே அத்தட்டு இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

எங்கள் இளைஞர்களும் ஒரு வெள்ளை எனாமல் தட்டில் துளையிட்டு, அடியில் கல்லைக் கட்டி, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு இட்டனர். முதியவரின் படகில் எண்ணூர் இரயில் பாலத்தருகே சென்று தட்டை இறக்கினோம். இரண்டு சாண் இறங்குமுன் அது மறைந்துவிட்டது. இதற்குப் பாசி மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. சேறும், அனல்மின் நிலையச் சாம்பலும், சாக்கடை நீரின் கருமையும் தட்டை மறைக்கும். ஆயினும் கதிரவனின் ஒளி அந்நீரில் எவ்வளவு ஆழம் செல்கின்றது என்பதை அன்று நாங்கள் எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

பாசியைப் பகைவனாக எண்ணுதல் தவறு. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளே கடலின் புல்வெளி. அவற்றை நுண்ணிய உயிர்கள் மேய்கின்றன. அவற்றை மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் உண்ணுகின்றன. உலகத் தாவரங்கள் வெளியிடும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதியைத் தருவனவும் கடல்வாழ் பாசிகளே. தீங்கு பாசியால் அன்று, அளவுக்கு மீறிய பாசியால் வருவது.

பாசி வளர ஒளியும் வெப்பமும் வேண்டும். நம் கடற்கரையில் இவை ஆண்டு முழுதும் உண்டு. இவற்றோடு நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். தூய நீரில் இவ்விரண்டும் மிகக் குறைவு. ஆதலின் பாசி கட்டுக்குள் நிற்கின்றது. நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவும், கடல்நீரில் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவும் பாசிக்குத் தடையாக அமைகின்றன. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில் இரண்டையுமே கட்டுப்படுத்துதல் வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன? உரமும் சலவைத்தூளும் ஒருபுறம் இருக்க, முதன்மையான ஊற்று மனிதக் கழிவே. ஒரு மனிதனின் உடலிலிருந்து நாள்தோறும் வெளியேறும் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒன்றரை கிராம். 1,000 குடும்பங்கள் கொண்ட ஒரு பங்கில், குடும்பத்துக்கு நால்வர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 6 கிலோ ஆகின்றது. ஒரு கிராம் பாஸ்பரஸைக் கொண்டு பாசி தன்னை ஏறத்தாழ 100 கிராம் உலர்ந்த எடைக்கு வளர்த்துக்கொள்ள வல்லது. ஆகவே, ஒரே பங்கின் கழிவு முழுவதும் சுத்திகரிக்கப்படாமல் நீரைச் சேருமாயின், நாளொன்றுக்கு 600 கிலோ உலர் பாசிக்குப் போதிய உணவை நாமே இறைக்கின்றோம் என்பது பொருள். பல இலட்சம் மக்கள் வாழும் வடசென்னைக்கு இக்கணக்கை விரித்துப் பார்ப்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றேன்.

மருந்து நஞ்சாகும் விதம்

பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகின்றது. இரவிலோ, நம்மைப் போலவே அதுவும் அதைச் சுவாசிக்கின்றது. பாசி மண்டிய நீரில் விடியலுக்கு முன் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அவ்வேளையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதை மீனவர் நன்கு அறிவர். 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவையே தன்னுள் கொள்ளும். கடல்நீர் கொள்வது அதனினும் குறைவு. குளிர்நாடுகளின் ஆறுகளுக்கு உள்ள கையிருப்பு நம் நீருக்கு இயல்பிலேயே இல்லை.

இந்நிலையில் மயில்துத்தத்தைத் தூவினால் நிகழ்வது என்ன? பாசி ஒரே நாளில் மடியும். மடிந்த பாசி அடியில் படிந்து அழுகும். அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சிய பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத்திணறி மிதக்கும். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் தம் உடலுள் நஞ்சு கொண்டவை. அவை மடியும்போது அந்நஞ்சு நீரில் கலக்கும். மயில்துத்தத்திலுள்ள செம்பு இறாலுக்கும் நண்டுக்கும் சிப்பிக்கும் கேடு. அது கரைந்து போவதும் இல்லை, சேற்றில் தங்கிவிடும். பிளீச்சிங் பவுடரோ, சாக்கடை நீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மீனைக் கொல்லும் வேறு நஞ்சாக மாறும். இவ்வளவுக்கும் பின்னர், அழுகிய பாசியிலிருந்து வெளிப்பட்ட நைட்ரஜனும் பாஸ்பரசும் அடுத்த பாசிக்கு உணவாகும். சில வாரங்களில் நீர் மீண்டும் பச்சையாகும். மேலும், நீர்நிலையில் நச்சுப்பொருளை அறிந்தே கலத்தல் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதுமாகும்.

முதியவர் இவற்றை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் கேட்ட கேள்வியில் இவை யாவும் அடங்கியிருந்தன.

எல்லாம் வந்து சேரும் இடம்

இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை வாழும் நமக்குப் பக்கிங்காம் கால்வாய் இன்று ஒரு சாக்கடை. அது அவ்வாறு பிறந்ததன்று. 1806-ஆம் ஆண்டு பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் நீளத்துக்குத் தோண்டுவித்த படகுக் கால்வாயே அதன் தொடக்கம். பின்னர் அது வடக்கே பழவேற்காட்டைக் கடந்தும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1877-78-இல் கொடும் பஞ்சத்தின்போது கூலிக்கு வந்த ஏழை மக்களைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் அதில் சென்றன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களில் அது பெரிதும் சிதைந்தது. படகுகள் மறைந்தன, கழிவுநீர் மிகுந்தது.

வடசென்னையின் துயரம் அதன் அமைப்பிலேயே உள்ளது. ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் நகரின் கழிவைச் சுமந்து பக்கிங்காம் கால்வாயில் கலக்கின்றன. அக்கால்வாய் எண்ணூரில் கொசஸ்தலையாற்றோடு சேர்கின்றது. மணலித் தொழிற்சாலைகளின் நீரும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் அதே கழிமுகத்தையே நாடி வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் மணலியிலிருந்து இக்கால்வாய் வழியாகவே எண்ணூரை அடைந்தது. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கருமை படிந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு ஓடியதையும் நாம் மறந்திலோம். எண்ணெயும் நச்சும் பாசியை மேயும் சிற்றுயிர்களைக் கொல்கின்றன. மேய்வன மறைந்தால் புல் மண்டுவது இயல்பு.

ஆதலின், கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழையே நீரைக் கெடுத்தான் என்று கைநீட்டிப் பேசுவது நீதியன்று. பாதாளச் சாக்கடை வசதி பெற்ற தெருக்களின் கழிவும், மாடி வீடுகளின் கழிவும், தொழிற்சாலைக் கழிவும் அவன் வாசலுக்கு வந்து சேருகின்றன. அவன் அந்நாற்றத்தை முகர்கின்றான்.

பிற நாடுகள் கற்ற பாடம்

பாசியைப் பட்டினி போடுதலே வழி என்பதை மெய்ப்பித்த ஆராய்ச்சி 1973-இல் கனடா நாட்டில் தொடங்கியது. இரண்டு குடங்களை ஒட்டவைத்தாற்போன்ற ஓர் ஏரியை, இடுக்கான இடத்தில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும். இரு பாகங்களிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பாகத்தில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தனர். அப்பாகம் பச்சைப் போர்வை போர்த்தது, மற்றது தெளிந்தே இருந்தது. வானூர்தியிலிருந்து எடுத்த அப்படத்தைக் கண்டபின், சலவைத்தூளின் பாஸ்பரஸ் பாசிக்குக் காரணமன்று என்று வாதிட்டோரின் குரல் அடங்கத் தொடங்கியது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த வாஷிங்டன் ஏரி நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் அதில் விழுந்தது. அது சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து வந்த நீரேயாயினும், பாஸ்பரஸ் நீங்காத நீர். 1955-இல் கேடு தரும் பாசி அங்கே காணப்பட்டது. எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர், வரவிருக்கும் கேட்டை முன்கூட்டியே எடுத்துரைத்தார். 1958-இல் மக்கள் வாக்களித்து, செலவைத் தாங்களே ஏற்று, கழிவுநீரை ஏரியிலிருந்து விலக்கத் தீர்மானித்தனர். முதல் வாக்கெடுப்பில் தோற்ற அத்தீர்மானம் அதே ஆண்டு இரண்டாம் முறையே வென்றது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. 1963 முதல் 1968 வரை குழாய்கள் திருப்பப்பட்டன. வெள்ளைத் தட்டு ஒரு மீட்டர்கூட இறங்காதிருந்த ஏரியில், 1968-இல் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழத்திலும் அது தெரிந்தது.

நம்மைப் போன்ற வெப்ப நாடாகிய சிங்கப்பூர், 1977-இல் தன் ஆற்றைப் பத்தாண்டில் துப்புரவாக்க உறுதி பூண்டது. முதலில் கழிவுநீர்க் குழாய்களை அமைத்தனர். பன்றிப் பண்ணைகளையும் தெருக்கடைகளையும் கரையோரக் குடியிருப்புகளையும் இடம் மாற்றினர். அதன் பின்னரே அடிச்சேற்றை வாரினர். 1987-இல் அப்பணி நிறைவுற்றது. இடம் பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் துன்பத்தை நாம் பாராட்டவியலாது. ஆனால் முதலில் ஊற்றை அடைத்தல், பின்னர் சேற்றை வாருதல் என்னும் வரிசை கற்கத்தக்கது. அவ்வரிசை மாறினால் வாரிய சேறு மீண்டும் வந்து சேரும்.

நம் ஊரிலும் நல்ல தொடக்கம் இல்லாமலில்லை. கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலை 2019-இல் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு 4 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீரைத் தூய்மையாக்கி வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் வண்ணம் அது அமைக்கப்பட்டது. கழிவாக ஆற்றில் விழ வேண்டிய நீர் பயன்படு நீராகின்றது. குடிநீரும் அந்த அளவுக்கு மிஞ்சுகின்றது. ஆனால் குழாயில் சேராத கழிவை எந்த ஆலையும் சுத்திகரிக்க இயலாது.

ஓதம் உள்ளே வரட்டும்

பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகமும் ஓதத்தால் உயிர் வாழ்பவை. நாள்தோறும் இருமுறை கடல்நீர் உள்ளே ஏறி இறங்குவது, மூச்சு வாங்கி விடுவதை ஒக்கும். முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்தாலும், சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்தாலும், கரையோர நீர்ப்பரப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினாலும் அம்மூச்சு திணறும். நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் பாசி தழைக்கும். ஆதலின் முகத்துவாரத்தைத் திறந்து வைத்தலும், நீர்ப்பரப்பைத் தூர்க்காது காத்தலும், அலையாத்தி மரங்களைப் பேணுதலும் தூய்மைப் பணியின் பிரிக்கவியலாப் பகுதிகள். அலையாத்தி வேர்களும் அவற்றின் சேறும் நைட்ரஜனின் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பதோடு இறாற்குஞ்சுக்குத் தொட்டிலாகவும் அமைகின்றன.

எங்கள் வீட்டுக் குழாய்

இனி, சொல்ல நாணும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் படித்த பின்னர் இளைஞருள் ஒருவர், "ஃபாதர், நம் பங்கு இல்லத்தின் தண்ணீர் எங்கே போகிறது?" என்று வினவினார். பாதாளச் சாக்கடைக்குத்தான் என்று உறுதியாகக் கூறினேன். அவர் நம்பவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, தெருவில் போய் நின்றார். சற்று நேரத்தில் மழைநீர் வடிகாலில் நீல நிறம் ஓடியது. அவ்வடிகால் நேரே கால்வாயில் விழுகின்றது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த குழாய் வேலை. நாங்களும் ஒருநாளேனும் திறந்து பார்த்ததில்லை. மருந்து தேடிப் புறப்பட்ட நாங்களே நோய்க்குச் சோறிட்டுக்கொண்டிருந்தோம்!

மயில்துத்தத்துக்கெனச் சேர்த்த பணத்தை, கொடுத்தவர்களின் ஒப்புதலோடு, அக்குழாயை மாற்றுவதற்குச் செலவிட்டோம். பின்னர் இளைஞர்கள் நீலப் பொட்டலத்தோடு தெருத் தெருவாகச் சென்றனர். வீட்டார் சிலர் சினந்தனர், சிலர் சிரித்தனர். ஆனால் தம் வீட்டு நீலம் வடிகாலில் ஓடுவதைக் கண்ணாரக் கண்டவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கின்றது என்று இவ்வாறே சோதியுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள தெருவாயின் முறைப்படி விண்ணப்பித்து இணைப்புப் பெறுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டார் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் துப்புரவாக்குங்கள். ஏற்றிச் செல்லும் லாரி, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகின்றதா, கால்வாயில் கொட்டுகின்றதா என்று கேட்டறியுங்கள். மலிவாக வருகின்றதே என்று அதைக் கேளாமல் விடுதல் நமக்கே கேடு.

இரண்டாவது, சோற்றுக்கஞ்சி, மிஞ்சிய குழம்பு, எண்ணெய் ஆகியவற்றைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சலவைத்தூளை அளந்து போடுங்கள். நுரை மிகுவதால் துணி மிகுதியாக வெளுப்பதில்லை.

மூன்றாவது, நீரில் மண்டும் ஆகாயத்தாமரையையும் பாசியையும் கையால் அகற்றுவது நஞ்சிடுவதைவிட நல்லது. அகற்றும்போது அவை உண்ட நைட்ரஜனும் பாஸ்பரசும் அவற்றோடு வெளியேறுகின்றன. ஆனால் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையிலேயே அவை நீருக்குத் திரும்பிவிடும். உடனே அப்புறப்படுத்துங்கள். தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்தவற்றைக் கீரைப் பாத்திக்கு எருவாக இடாதீர்கள். அவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும்.

நான்காவது, அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது, "பாசியை அகற்றுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இக்கால்வாயில் விழும் குழாய்கள் எத்தனை, அவை யாருடையவை, எப்போது அடைக்கப்படும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் எவ்வளவு?" என்று கேளுங்கள். மேலே மிதக்கும் பச்சையை இயந்திரத்தால் வாரிப் படம் பிடித்து வெளியிடுவது எளிது. குழாயை அடைப்பதே கடினம். கடினமானதையே நாம் கேட்க வேண்டும்.

எங்கள் வெள்ளைத் தட்டு இப்போது கோயில் அறிவிப்புப் பலகையின் அருகில் ஆணியில் தொங்குகின்றது. ஒவ்வொரு திங்களும் முதற் சனிக்கிழமை காலையில் இளைஞர் இருவர் முதியவரின் படகில் சென்று, அதே பாலத்தருகே அதனை இறக்கி, மறையும் ஆழத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதுகின்றனர். இதுவரை அது பெரிதும் மாறவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாணாகவும் குறைந்தது. ஒரு தெருவின் குழாய்களைத் திருத்தியதால் ஒரு கழிமுகம் தெளிந்துவிடும் என்று நாங்கள் எண்ணவில்லை. வாஷிங்டன் ஏரிக்கே பல ஆண்டுகள் ஆயின. நம்முடையதோ அதனினும் பன்மடங்கு நொந்த நீர்.

அண்மையில் குறிப்பேட்டைப் புரட்டிய முதியவர், "எழுதிக்கொண்டே இருங்கள், சாமி. தட்டு ஒரு முடிச்சு கூடுதலாக இறங்குகிற நாளில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வலையைச் செப்பனிட்டு வைக்கிறேன்" என்றார்.

அன்பர்களே, அந்த ஒரு முடிச்சுக்காக இன்றே உங்கள் வீட்டுத் தொட்டியில் சிறிது நீலத்தை ஊற்றிவிட்டு, தெருவில் போய் நின்று பாருங்கள்.